தனியொருவர் ஏடும் அதன் வாசகரும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ச் சிற்றேடுகளின் வரலாற்றை வல்லிக்கண்ணன் முதலியோர் அரிதின் முயன்று எழுதி வைத்துள்ளனர். எந்த ஏடு எந்த ஆண்டில் தோன்றியது, யார் எழுதினர், எப்போது நின்றது என்னும் செய்திகளை அந்நூல்களில் காணலாம். ஆயினும், தன் கைப்பொருளை முதலாக்கித் தன் எழுத்தை நம்பி, ஆசிரியராகவும் மெய்ப்புத் திருத்துபவராகவும் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டுபவராகவும் தாமே இருந்து ஏடு நடத்தியவர்களுக்கு வாசகர் எவ்வாறு கிடைத்தனர் என்பது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. படைத்தோரைப் பற்றிப் பேசும் அளவுக்குப் படித்தோரைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பத்தாண்டு நிறைவு மலருக்கு இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம் வட்டத்துக் கவிஞர்களுள் தம் பெயரில் வலைப்பூ ஒன்று தொடங்காதவர் மிகச் சிலரே. தொடங்கிய ஊக்கத்தில் பத்துப் பதிவுகள் வரும், பின்னர் மாதத்திற்கு ஒன்று, பின்னர் ஏதுமில்லை. காரணம் கேட்டால், ‘யார் படிக்கிறார்கள்?’ என்பதே விடையாக வருகிறது. இவ்வினா புதிதன்று. தமிழில் தனி ஏடு நடத்திய ஒவ்வொருவரும் இவ்வினாவை எதிர்கொண்டே நடத்தியுள்ளனர்.

நம் ஊர்ப் பெருமையையும் ஒருவரி சொல்லிச் செல்ல வேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, மதுவிலக்குப் பரப்புரைக்கெனத் திருச்செங்கோட்டுக்கு அண்மையிலுள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்னும் ஏட்டை வெளியிட்டார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. ஆனால் அந்த ஏட்டுக்குப் பின்னே ஓர் ஆசிரமமும் ஓர் இயக்கமும் இருந்தன. அவ்வகைத் துணையேதும் இல்லாதோரே இக்கட்டுரைக்கு உரியவர்.

அவருள் முதலில் வைக்கத்தக்கவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்த அவர் பள்ளி சென்று பயின்றவரல்லர். குழந்தைப் பருவத்திலேயே மணமானவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய நாவே அவருக்கு முதலாயிற்று. தம் முதற்படைப்பாகிய ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயாற்சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பின்னரே தாமே எழுதப் பழகினார். 1925இல், தளர்ந்திருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழை வாங்கித் தம் ‘வைதேகி’ நாவலை அதில் தொடராக வெளியிட்டார். இதழ் நிமிர்ந்தது. 1960இல் மறையும்வரை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அதனை அவர் விடவில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது அங்கும் நாவல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் அவர் பெயரில் உள்ளன.

இலக்கிய வரலாற்று நூல்கள் இவரை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. நாவல்களின் கலைமதிப்பைப் பற்றிய அத்தீர்ப்புடன் நான் மாறுபட வரவில்லை. ஆனால் வாசகரை ஈட்டிய வரலாற்றில் அவருக்கு இணை சொல்ல எளிதில் ஒருவர் கிடைப்பதரிது. எழுத்தறியாத பெண்ணாக இருந்து கதை கேட்டு வளர்ந்தவராதலால், ஒரு வீட்டுக்குச் செல்லும் இதழ் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் கூடத்தில் அமர்ந்து படிக்க, தெரியாதவர் சூழ இருந்து கேட்ட காலம் அது. அவர் நடையில் பேச்சின் ஓட்டமும் நிறுத்தமும் இருப்பது தற்செயலன்று என்றே கருதுகிறேன். மேடைப் பேச்சாளராகவும் பாடுபவராகவும் அவர் பெற்ற புகழும் இதழுக்குத் துணையாயிற்று. குரலால் அறிமுகமானவரை மக்கள் எழுத்தில் தேடி வந்தனர்.

கோதைநாயகி அம்மாள் வாழ்ந்த அதே திருவல்லிக்கேணியில், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், 1959 ஜனவரியில், பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து மற்றோர் ஏடு புறப்பட்டது. அதுவே சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’. ‘மணிக்கொடி’ மரபில் வந்த சிறுகதையாசிரியரான செல்லப்பாவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பெருவாரி இதழ்களில் இலக்கியத் திறனாய்வுக்கு இடமில்லை என்ற குறையே அவரைத் தனி ஏட்டுக்குத் தள்ளியது. இரண்டாயிரம் படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே அவர் அறிவித்தார். விற்பனை பெருகுவதற்கு எல்லோரும் வழிதேடும்போது, பெருகிவிடாமல் இருப்பதற்கு ஒருவர் வரம்பு கட்டிய செய்தியை வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர். அந்த வரம்பை ‘எழுத்து’ ஒருநாளும் எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் சிரிப்பர். 119 இதழ்கள் வெளிவந்து 1970இல் அது நின்றது.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. ‘எழுத்து’ கவிதைக்கெனத் தொடங்கப்பட்ட ஏடன்று. திறனாய்வே அதன் நோக்கம். ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்றை முதலிதழில் மறுவெளியீடாகச் சேர்த்தார் செல்லப்பா. அதைக் கண்ட வாசகர்கள் தாமும் எழுதி அனுப்பலாயினர். நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்னும் பெயரில் சுந்தர ராமசாமி எழுதினார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த நகுலன் எழுதினார். ஈழத்துத் திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் தருமு சிவராமு என்னும் பெயரில் எழுதினார். பிற்காலத்துப் பிரமிள் அவரே. வட இந்தியாவில் அரசுப்பணியிலிருந்த வெங்கட் சாமிநாதன் நீண்ட கட்டுரைகள் அனுப்பினார். சி. மணியும் எஸ். வைதீஸ்வரனும் வந்தனர். 1962இல் செல்லப்பா தொகுத்து வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ நூலில் 24 கவிஞரின் 63 கவிதைகள் இடம்பெற்றன. திறனாய்வு ஏடு ஒன்றைப் புதுக்கவிதை ஏடாக மாற்றியவர்கள் அதன் வாசகர்களே எனலாம். செல்லப்பாவின் பெருமை, அம்மாற்றத்துக்கு அவர் வழிவிட்டதில் இருக்கிறது. மாறாக, ‘இது திறனாய்வு ஏடு, கவிதை அனுப்பற்க’ என்று ஓர் அறிவிப்புப் போட்டிருந்தால் தமிழ்க் கவிதையின் போக்கு என்னவாகியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

மேற்சொன்ன பெயர்களோடு உள்ள ஊர்ப்பெயர்களையும் நோக்குக. நாகர்கோவில், திருவனந்தபுரம், திருகோணமலை. இவை தமிழ் நிலத்தின் விளிம்பிலும் அதற்கு அப்பாலும் உள்ளவை. தலைநகரில் கடையில் தொங்கும் இதழ் போதும் என்றிருந்தவருக்கு ‘எழுத்து’ தேவைப்படவில்லை. பேச ஒருவரும் இல்லாத ஊரில் இருந்தவருக்கு அது தேவைப்பட்டது. எல்லையூரில் வாழும் நாம் இதனை நன்கு உணர்வோம்.

அஞ்சலில் வந்த வாசகர் போக, நடந்துசென்று தேடிய வாசகரும் உண்டு. எழுத்து பிரசுரத்தின் நூல்களைப் பையில் நிரப்பித் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகச் சென்று விற்றவர் செல்லப்பா. ‘வாடிவாசல்’ 1959இல் எழுத்து பிரசுரமாகத்தான் வந்தது. இன்று பதிப்புமேல் பதிப்புக் காணும் அந்நூலின் தொடக்ககாலப் படிகள் ஆசிரியரின் தோளில் ஊர்சுற்றியவை. கல்வித்துறையினர் புதுக்கவிதையைக் கவிதை என ஏற்கத் தயங்கிய காலத்தில் அத்துறையின் வாயிலிலேயே சென்று நின்றார் என்பதை, அத்துறையைச் சேர்ந்தவள் என்ற முறையில் நான் நினைந்து பார்ப்பதுண்டு. எத்தனைத் தமிழ்த்துறைகள் அவருக்கு நாற்காலி இட்டிருக்கும்?

இவ்வரலாற்றைப் போற்றிப் பேசுவோர் எளிதில் கடந்துபோகும் பகுதி ஒன்றுண்டு. ‘எழுத்து’ தொடங்க மனைவியின் நகைகள் விலையாயின என்று பலரும் எழுதியுள்ளனர். தியாகத்தின் சான்றாக அச்செய்தி கூறப்படுகிறது. தியாகம் செல்லப்பாவின் கணக்கில் எழுதப்படுகிறது. நகை மீனாட்சி அம்மையாருடையது. பதினோர் ஆண்டுகள் நட்டத்தில் ஓடிய ஏட்டுக்கு நாள்தோறும் அடுப்பெரித்தவரும் அவரே. ‘தனியொருவர் ஏடு’ என்று நாம் எழுதும்போது, அவ்வொருவர்க்குப் பின்னே பெயர் அச்சேறாத மற்றொருவர் பெரும்பாலும் இருக்கிறார். கோதைநாயகி அம்மாளுக்குக் கணவர் பார்த்தசாரதி துணைநின்றதை வரலாறு நன்றியோடு குறித்து வைத்திருக்கிறது. மனைவியர் துணைநின்றதை இயல்பெனக் கொண்டு குறிக்காமல் விட்டது. சிற்றேட்டு வரலாறு மீண்டும் எழுதப்படுமாயின் இக்கணக்கும் நேர்செய்யப்பட வேண்டும்.

‘எழுத்து’ ஓய்வதற்குள் அதன் வாசகரே ஏடு நடத்தப் புறப்பட்டுவிட்டனர். அதுவும் நமக்கு அண்மையில். 1968இல் சேலத்திலிருந்து ‘நடை’ வந்தது. சி. மணியே அதன் உந்துவிசை. எட்டு இதழ்களே வந்தன என்றாலும், அவ்வேடு தமிழ்ச் சிற்றேட்டு வரலாற்றில் பெற்ற இடம் பெரிது. கோவையிலிருந்து 1971இல் வந்த ‘வானம்பாடி’ வேறொரு வழியை மேற்கொண்டது. ‘விலையிலாக் கவிமடல்’ என்று தன்னைக் கூறிக்கொண்டு காசின்றிக் கைக்குக் கை சென்றது. ‘எழுத்து’ சிலரைத் தேடியது. ‘வானம்பாடி’ பலரைத் தேடியது. இரண்டில் எது சரி என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. என் கருத்தில், வானம்பாடியின் விரைந்த பரவலே அதன் குரலை எளிதில் போலிசெய்யத் தக்கதாக்கிற்று. இதனை மறுப்போர் நம் வட்டத்திலேயே உளர் என்பதறிவேன். எல்லைக்கு அப்பால், பெங்களூரில் வாழ்ந்த தமிழவனும் நண்பரும் ‘படிகள்’ நடத்தினர். தமிழ்நாட்டில் பேசப்படாத கோட்பாட்டுச் செய்திகள் சில கன்னட நாட்டுத் தலைநகரிலிருந்து தமிழுக்குள் வந்தது எல்லைப்பகுதி வரலாற்றில் குறிக்கத்தக்கது. நம் ஓசூரிலிருந்தே ஆதவன் தீட்சண்யாவை ஆசிரியராகக் கொண்டு ‘புதுவிசை’ வெளிவந்தது.

இனி இணையம். 2003ஆம் ஆண்டளவில் தமிழில் வலைப்பூக்கள் தோன்றின. அன்று வாசகரைப் பெறுவதற்குமுன் எழுத்தையே தெரியச் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தமையால், ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் கட்டங்களாகவும் குறிகளாகவும் தோன்றியது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி ‘தேனீ’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். 2006இல் அவர் மறைந்தார். ஒருங்குறி பரவியபின் இத்தொல்லை நீங்கிற்று. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ புதிய பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. அது ஊர்ச்சாவடி போன்றது. அங்கே வந்தவர் ஒருவர் திண்ணையிலிருந்து மற்றவர் திண்ணைக்குச் சென்றனர். பின்னாளில் முகநூல் வந்து சாவடி வெறிச்சோடியபோது, சாவடியை மட்டும் நம்பியிருந்த வலைப்பூக்கள் வாசகரை இழந்தன. தன் வாசகரோடு தனித்தனியே எழுத்துத் தொடர்பு வைத்திருந்தவர் இழக்கவில்லை.

1990களில் தருமபுரியில் தொலைபேசித் துறையில் பணியாற்றிய ஜெயமோகனை இவ்வகைக்குச் சான்றாகக் காட்டலாம். கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தின் பகுதி. 2004இல்தான் தனி மாவட்டமாயிற்று. தம் இணையதளத்தில் நாள்தோறும் எழுதியதோடு, வாசகர் கடிதங்களை வெளியிட்டு அவற்றுக்கு விரிவாக விடையும் எழுதி வந்தார். 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ 26 நாவல்களாக நாள்தோறும் ஓர் அத்தியாயமென இலவசமாக அங்கே வந்தது. அவர் கருத்துகளோடு உடன்படாதோரும் அம்முறையை நோக்கலாம். கடிதம் எழுதியவர் பலர் பின்னர்க் கதையும் கட்டுரையும் எழுதலாயினர். ‘எழுத்து’ காலத்தில் அஞ்சலட்டை வழியே நிகழ்ந்ததே இங்கு மின்னஞ்சல் வழியே நிகழ்ந்தது.

நம் பகுதிக்கு வருவோம். 1970களில் சிப்காட் வந்தபின் தென்மாவட்டங்களிலிருந்து பணிநாடி வந்தோர் இங்குக் குடியேறினர். அவர் வருவதற்கு முன்பே இம்மண்ணில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து வழங்கின. வீட்டில் ஒரு மொழி, பட்டறையில் ஒரு மொழி, அத்திப்பள்ளி தாண்டினால் ஒரு மொழி என்று வாழும் மக்களிடையே, தமிழ் அறிந்தவரெல்லாம் தமிழ் படிக்க அறிந்தவர் ஆகார். காதால் தமிழ் கேட்டுச் சுவைப்பார்; எழுத்துக் கூட்டத் தயங்குவார். 1925இல் கோதைநாயகி அம்மாள் எதிர்கொண்ட வாசகர் இங்கு இன்றும் உள்ளனர்.

சென்ற ஆண்டு நம் கவிஞர் மூவர் தம் வலைப்பூக்களில் கவிதையோடு அதனைத் தாமே படித்த ஒலிப்பதிவையும் சேர்த்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்டுவிட்டுக் கடிதம் எழுதியிருந்தார். மொழி தமிழ், எழுத்து கன்னடம். தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர் அதை நமக்குப் படித்துக் காட்டினார். மூன்றாவது கவிதையின் ஈற்றடி தமக்கு உடன்பாடில்லை என்று எழுதி, தாம் புனைந்த ஈற்றடி ஒன்றையும் அவர் அனுப்பியிருந்தார்.