கேள்விக்குள்ளேயே பாதி பதில்

முகப்பேர் ஏரித் திட்டத்தில் ஒரு மாடி வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ட்யூஷன். பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு அக்கா சொல்லிக்கொடுக்கும் முதல் வித்தை இதுதான்: "கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்குடா."

'வேர் டஸ் ராமு லிவ்?' என்று கேட்டால் 'வேர்', 'டஸ்' இரண்டையும் அடி. 'லிவ்' பின்னால் ஒரு 'எஸ்' சேர். ஊர்ப் பெயரைப் போடு. முடிஞ்சது. மெல்லக் கற்போருக்கு இன்னும் சுருக்கம்: ஒரே பத்தியை மனப்பாடம் பண்ணினால் போதும். கவிஞர் பெயரையும் தலைப்பையும் மாற்றினால் எல்லாக் கவிதைக்கும் பொருந்தும்.

இந்த வித்தையின் வேர் பழசு. 1854-இல் வந்த வுட் அறிக்கையைத் தொடர்ந்து 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மாதிரி, லண்டன் பல்கலைக்கழகம். தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. உள்ளே நுழைய மெட்ரிகுலேஷன் தேர்வு. அதில் ஆங்கிலம் கட்டாயம்.

திண்ணைப் பள்ளியில் பையன் ஒப்பிக்கும்போது தடுமாறினால் வாத்தியார் எதிரிலேயே இருந்தார். இங்கே திருத்துபவருக்குப் பையனின் முகமே தெரியாது. முகம் தெரியாதவருக்கு எழுதும்போது சொந்த வாக்கியம் ஆபத்து; பழகின வாக்கியம் பாதுகாப்பு.

இந்தத் தேர்வுமுறைக்குள் அடங்காதவர் ராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கைத் தவிர வேறெதையும் அவர் கண்டுகொள்ளவில்லை என்பதும் உண்மைதான்.

1970-களின் பிற்பகுதியில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து மாநில அரசின் வாரியத்துக்கு வந்தன. 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்க் கல்வி வந்து பாடத்திட்டமும் பொதுவாச்சு. ஆனால் அந்தப் பழைய நுழைவுத் தேர்வின் பெயர் இன்றும் பள்ளிப் பலகைகளில் இருக்கிறது. பதில் எழுதும் பழக்கமும்தான்.

போன வாரம் ஒரு பொண்ணு கேட்டாள்: "அக்கா, எனக்கு இந்தக் கவிதை பிடிக்கல. அப்படியே எழுதலாமா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எழுதலாம்மா. பரீட்சை முடியட்டும்."

அக்கா மேல் தப்பு சொல்ல மனசு வரவில்லை. வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது எழுதும் பிள்ளைக்கு 35 மார்க் என்பது வாசல். அந்த மனப்பாடப் பத்தி அதைத் திறந்துவிடும். ஆனால் அந்தப் பொண்ணு சொன்னதுதான் அன்றைக்கு அந்த அறையில் கவிதையைப் படித்து எழுந்த ஒரே பதில். அதை எழுத விடைத்தாளில் இடமில்லை.