எலும்பும் பாரந்தூக்கியும்

யந்திரப் பொறியியல் போதிக்கும் ஆசிரியரும், வைத்தியக் கல்லூரியில் உடற்கூறு போதிக்கும் ஆசிரியரும் ஒரே பொருளைப் பற்றி உரையாடுவது இன்று புதுமையன்று. உயிர்மருத்துவப் பொறியியல் என்னும் பெயரில் அதற்கெனத் தனித் துறைகளும் விரிவுரையாளர்களும் நம் நாட்டிலேயே உள்ளனர். இவ்விருவரும் முதலில் எங்கே சந்தித்தனர் என்று வினவினால், பலர் சுட்டிக் காட்டுவது ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஜூரிச் நகரத்தையே.

அந்நகரில் 1855-இல் பொறியியற் கல்லூரி ஒன்று தோன்றியது. அதற்குப் பேராசிரியராக வந்தவர் கார்ல் கல்மன். பவேரிய அரசின் ரயில்வேயில் பணியாற்றி, இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று பாலங்களைக் கண்டு ஆராய்ந்தவர். கணக்கினால் மட்டும் விடை காணாமல், கோடு வரைந்தே பாரத்தின் போக்கைக் கண்டறியும் முறையை அவர் மாணவர்க்குக் கற்பித்தார். பாரந்தூக்கி ஒன்றின் வளைந்த கையில் சுமை தொங்கினால், அதன் உட்புறம் அழுந்துகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. அவ்வழுத்தமும் இழுப்பும் இரும்பினுள் செல்லும் வழிகளைக் கோடுகளாக வரைந்தால், அவை ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்லும் வளைகோடுகளாக அமையும். இதைத் தமிழில் ‘தகைவு’ என்று பாடநூல்கள் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பவர்க்கு இது சங்கடமான இடம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லே மனத்தின் பாரத்தையும் குறிக்கிறதன்றோ?

1864 முதல் ஜூரிச் பல்கலைக்கழகமும் பொறியியற் கல்லூரியும் ஒரே மாளிகையில் இயங்கின. 1866-இல் அந்நகரின் இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தில், உடற்கூற்றுப் பேராசிரியர் ஹெர்மன் வான் மெயர், நெடுக அறுத்த எலும்புகளைக் காட்டினார். தொடையெலும்பின் தலைப்பகுதியினுள் கடற்பஞ்சு போன்ற மெல்லிய எலும்புத் தகடுகள் உண்டு. அவை மனம்போன போக்கில் கிடக்கவில்லை, வரிசையாக வளைந்து செல்கின்றன என்பதே மெயரின் கருத்து. அவையில் இருந்த கல்மன் அதைக் கண்டதும், அது தம் பாரந்தூக்கியே என்று வியந்து கூவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர்த் தம் மாணவரைக் கொண்டு, தொடையெலும்பின் வடிவில் ஒரு பாரந்தூக்கியைக் கற்பித்து, அதன் கோடுகளை வரையச் செய்தார். மெயர் 1867-இல் தம் கட்டுரையை வெளியிட்டார்.

பெர்லின் நகரத்து வைத்தியர் யூலியஸ் வுல்ஃப் இவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டார். சுமை மாறினால் எலும்பும் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று 1892-இல் நூலாகவே எழுதினார். கல்மனின் கணக்கு, உள்ளெங்கும் ஒரே சீரான திண்பொருளுக்கு உரியது, எலும்போ அத்தகையதன்று. ஆகவே படமும் எலும்பும் முற்றிலும் பொருந்தவில்லை என்று பிற்காலத்தார் குறை கூறினர். அக்குறை உண்மையே. ஆயினும் அடிப்படை நிலைத்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரின் எலும்பு மெலிகிறது. எடையற்ற வெளியில் வாழும் விண்வெளி வீரர்க்கு, இடுப்பெலும்பில் மாதம் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது.

இதை அறிவது நோயாளியின் உடலைக் காப்பதாகும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் சத்திர வைத்தியர், தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு எஃகுத் தலையும் டெஃப்லான் கிண்ணமும் பொருத்தினார். சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள் சுற்றியுள்ள தசையைக் கெடுத்தது. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்திய பிறகே இது முழுமையாகத் தெரியவந்தது. நல்ல நோக்கமும் தேர்ந்த கையும் இருந்தன. உராய்வும் தேய்வும் பற்றிய சோதனை மட்டும் போதவில்லை. அவர்களுள் பலருக்கு மறுபடி கத்தி வைக்க நேர்ந்தது. அதன்பின் சார்ன்லி செய்ததை நாம் மதிக்கிறோம்: பொருள்களின் தூளைத் தம் தொடையிலேயே செலுத்திப் பரிசோதித்தார். 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார்; அது நிலைத்தது. இன்னொரு பாடமும் உண்டு. எஃகு, எலும்பைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு விறைப்பானது. எஃகுத் தண்டே சுமையைத் தாங்கிக்கொண்டால், வேலையிழந்த எலும்பு மெலிந்துபோகும். வுல்ஃப் சொன்னதும் இதுவே.

நம் நாட்டில் இத்தகைய கூட்டுழைப்புக்கு இடமாயிருந்தது திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம். காலஞ்சென்ற இருதய வைத்தியர் வலியதான், பொறியியலாளர் புவனேஷ்வர் முதலியோருடன் செயற்கை இருதய வால்வு அமைக்க முற்பட்டார். நிமிடத்திற்கு 72 முறை என்று கணக்கிட்டால், வால்வு நாளொன்றுக்கு லட்சம் முறைக்கு மேல் திறந்து மூடவேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் முறை. முதல் மூன்று மாதிரிகளும் சோதனைகளில் தவறின. நல்லவேளையாக, அவை எந்த மனிதர் உடலுக்கும் போகவில்லை. நான்காவது மாதிரியே 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் பின்னர் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வால்வில் சாய்ந்து திறக்கும் தட்டு, சார்ன்லி தம் கிண்ணத்துக்குத் தேர்ந்த அதே பாலிஎதிலீன் இனத்தால் ஆனது.