மலைநீரும் பொறியியற் கல்வியும்

சிவனொளிபாதமலைக்கு ஹட்டன் வழியாகச் செல்லும் யாத்திரிகர் அனைவரும் அறிந்த ஊர் நல்லதண்ணி. மஸ்கெலியாவைக் கடந்து, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து செல்லும் பாதை அங்கே மலையடியை அடைகிறது. அதற்கு மேல் ஏறுவதற்குப் படிகளே உள. யாத்திரிகர் மலையை நோக்கிச் செல்கின்றனர். நீரோ மலையினின்று இறங்கி அவர்களுக்கு எதிர்த்திசையிற் செல்கிறது. அந்நீர் சென்ற வழியை நாமும் பின்தொடர்வோமாயின், இலங்கையிற் குடிசார் பொறியியல் என்னும் தொழில் எங்ஙனம் வேரூன்றியது, அதற்கு இளைஞர் எங்ஙனம் பயிற்றப்பட்டனர், அப்பயிற்சி யாரைச் சென்றடைந்தது, யாரை எட்டாது நின்றது என்பன யாவும் விளங்கும்.

மலைநாட்டின் முதற் பொறியியல் வேலைகள் பாதையும் இருப்புப்பாதையுமே. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் புகைவண்டி வந்தது. 1885இல் அது நானுஓயாவரை எட்டியது. கோப்பியும் பின்னர் தேயிலையும் துறைமுகஞ் சேர வேண்டியிருந்தமையே இதற்குக் காரணம். திட்டங்களை வரைந்தோர் இங்கிலாந்திலிருந்து வந்த பொறியியலாளர். காடு வெட்டியும் பாறை உடைத்தும் தோட்டங்களையும் பாதைகளையும் உருவாக்கியோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். வரைபடம் பிடித்த கையும் கடப்பாரை பிடித்த கையும் ஒரே மலையில் வேலை செய்தன. ஆயினும் ஒரு கையிலிருந்த அறிவு மற்றக் கைக்குச் செல்ல வழியில்லை.

1893ஆம் ஆண்டிற் கொழும்பு மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இந்நாட்டவரைப் பொறியியலாளராக்குவது அன்றைய ஆட்சியாளரின் பெருநோக்கம் என்று கூறுவதற்கில்லை. மேற்பார்வையாளரும் நில அளவையாளரும் வேண்டியிருந்தனர். அவர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது செலவு மிக்கது. இருப்பினும், ஒரு கல்லூரியைத் திறந்தவர்கள் அதற்குள் நுழைவோரின் சிந்தனைக்கு எல்லை வகுக்க முடியாது என்பதற்கு அக்கல்லூரியே சான்றாயிற்று.

அங்ஙனம் நுழைந்தவருள் ஒருவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இற் காலியிற் பிறந்து, ஆனந்தாக் கல்லூரியிற் பயின்றவர். கைவினைத் தொழிலில் தேர்ந்த குடும்பத்தினர். தொழில்நுட்பக் கல்லூரியிற் கற்று, மக்கள் பி. டபிள்யூ. டி. என்றழைத்த பகிரங்க வேலைப் பகுதியில் ஓவசியராகச் சேர்ந்தார். ஓவசியரின் நாள் பாதையோரத்திற் கழிவது. எந்த மண் மழைக்குச் சரியும், எந்த மதகு வெள்ளத்தைத் தாங்கும், எந்தக் கல் ஆப்புக்குப் பிளக்கும் என்பவற்றை அவர் புத்தகத்துக்கு முன்னரே நிலத்திலிருந்து கற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று மின் பொறியியலையும் பயின்றார். குடிசார் பொறியியல், மின் பொறியியல் ஆகிய இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தமைதான் இலங்கைக்கு வாய்த்த பேறு எனலாம்.

மஸ்கெலியா ஓயாப் பகுதிக்கு அவர் பொன் தேடும் பணியின் பொருட்டு அனுப்பப்பட்டார் என்பர். பொன் கிடைக்கவில்லை. ஆனால் லக்ஷபானப் பகுதியில் வீழும் நீரை அவர் கண்டார். வழிப்போக்கர் அருவியைக் கண்டால் அழகை எண்ணுவர். பொறியியலாளன் இரண்டு அளவுகளை எண்ணுகிறான். வினாடிக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து வீழ்கிறது என்பனவே அவை. இவ்விரண்டையும் பெருக்கினால் ஆற்றல் வரும். ஒரு டன் நீர் 367 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கி, வழியில் எவ்வித இழப்புமின்றி முழு ஆற்றலையும் தருமாயின், இன்று வீட்டுக் கட்டணச் சீட்டில் ஓர் அலகு எனக் குறிக்கப்படும் மின்சாரம் கிடைக்கும். சமவெளியில் ஓடும் பேராற்றிலும் மலையிலிருந்து குதிக்கும் சிற்றாறு இவ்வகையில் மேலானது. இந்த எளிய பெருக்கற் கணக்கை அறிந்தவனுக்கே நல்லதண்ணிப் பக்கத்து ஓடைகளின் பெறுமதி புலப்படும்.

1912இல் நுவரெலியா நகருக்கு ஒளி தரும்பொருட்டு பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை விமலசுரேந்திர அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னிலையில், இலங்கையில் ஆற்றலைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றிய ஆய்வுரையை வாசித்தார். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரைக்கொண்டு நாட்டுக்கு மின்சாரம் வழங்க முடியும் என்பதே அதன் சாரம். நிலக்கரியும் எண்ணெயும் இறக்குமதி செய்து இலாபங் கண்ட காலத்தில் இது பலருக்கும் உவப்பான கருத்தன்று. இருபதுகளில் தொடங்கிய வேலையும் பணமுடையால் இடையில் நின்றது. அவர் ஓய்வுபெற்று, 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதையே வற்புறுத்தினார். பொறியியலாளர் ஒருவர் தம் வரைபடத்தின் பொருட்டு அரசியலுக்கு வந்தமை அருமையான நிகழ்ச்சிதான். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதனைக் கண்டபின் 1953இல் அவர் மறைந்தார்.

அதன்பின் வேலைகள் விரைந்து நடந்தன. 1965இற் காசல்ரீ நீரைக்கொண்டு நோர்ட்டன் பிரிட்ஜில் இயங்கிய நிலையத்துக்கு விமலசுரேந்திர பெயரே சூட்டப்பட்டது. 1969இற் பொல்பிட்டிய, 1974இற் புதிய லக்ஷபான, 1983இல் கென்யன். இவற்றின் அமைப்பிலுள்ள நுட்பம் யாதெனின், ஒரே நீர் பலமுறை வேலை செய்வதாகும். மவுசாகலையில் தேங்கும் நீர் முதலிற் கென்யனிலும், அடுத்துப் புதிய லக்ஷபானவிலும், பின்னர் கெஹெல்கமு ஓயாவின் நீருடன் சேர்ந்து பொல்பிட்டியவிலும் சுழலிகளைச் சுழற்றிவிட்டுத்தான் களனி கங்கையாகிக் கொழும்பை நோக்கி ஓடுகிறது. சுழலி மின் பொறியியலாளருக்கும் இயந்திரப் பொறியியலாளருக்கும் உரியது. அணையும், சுரங்கமும், அழுத்தக் குழாய் தங்கும் பாறையும் குடிசார் பொறியியலாளரின் பொறுப்பு. அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் மற்ற யாவும் வீண்.

மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சிக் காலத்தில் அங்கிருந்த வழிபாட்டிடங்களின் சுவர்கள் இன்றும் வெளித்தெரிவதுண்டு. மின்கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன. கம்பிகளின் கீழிருந்த லயங்களுட் பல, மேலும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன.

விளக்கு மட்டுமா எட்டவில்லை? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டுமென விதித்தது. எழுத்தும் கூட்டலும் கழித்தலும் கற்கப் போதுமான காலம் அது. அட்சரகணிதத்தின் வாசலைக்கூட எட்டாத காலம். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறாது ஒதுங்கி நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளிலும் அதன் பின்னருமேயாம். இடையில் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பான்மையான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கி இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. இன்ன நாட்டில் வாழ்வோமா என்றறியாத குடும்பத்தில், பதின்மூன்று ஆண்டுப் பாடசாலைக் கல்வியையும் அதற்குமேற் பட்டப்படிப்பையும் எவர் திட்டமிடுவர்?

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றையும் இங்கு நோக்குதல் தகும். லக்ஷபான இயங்கத் தொடங்கிய அதே 1950இலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் கொழும்பில் ஆரம்பமாயிற்று. 1964இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. விமலசுரேந்திர மறைந்த 1953இல் அப்பீடத்திற் சேர்ந்த மாணவருள் ஒருவர் அழகையா துரைராஜா. வடமராட்சியில் 1934இற் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்றவர். செல்வச் சிறப்பு மிக்க ஊரன்று அவருடையது. ஆனால் நல்ல கணித ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலை நடந்து போகும் தூரத்து உலகில் இருந்தது. அந்த ஒரு வேறுபாடே போதுமாயிற்று. குடிசார் பொறியியலிற் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் ஆராய்ந்து 1962இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட, களிமண் அழுத்தத்துக்கு எவ்வாறு இணங்குகிறது என்பது பற்றிய ஆய்வுக் கட்டுரை, உலகெங்கும் அத்துறை மாணவர் அறிந்ததொன்று. பின்னர் பேராதனையிற் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

துரைராஜாவின் துறை மலைநாட்டுக்கு மிக நெருங்கியது. மண் என்பது துகள்களும் அவற்றிடையே இடைவெளிகளுமாகும். துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதனாலேயே மலைச்சரிவு நிற்கிறது. பெருமழையில் இடைவெளிகளில் நீர் நிரம்பி, அந்நீரின் அழுத்தம் துகள்களைப் பிரிக்கும்போது உராய்வு குறைகிறது, சரிவு நழுவுகிறது. சுழலியைச் சுழற்றும் அதே நீர், மண்ணுக்குள் தங்கினால் லயத்தைப் புதைக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் நேர்ந்தது அதுவே. அச்சரிவு அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அறிவு இல்லாமலிருக்கவில்லை, அறிந்தோருக்கும் அங்கு வாழ்ந்தோருக்கும் இடையேயிருந்த தூரமே குறையாதிருந்தது. அணைக்கும் பாலத்துக்கும் மட்டுமன்றி, இத்தூரத்தைக் குறைப்பதற்கும் மலையகத்திலிருந்தே குடிசார் பொறியியலாளர் தோன்ற வேண்டியவராவர்.

அதற்குரிய பாதை இன்று திறந்தே உள்ளது, செங்குத்தாக உள்ளது. க. பொ. த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றைக் கற்பிப்பவை 1ஏபி வகைப் பாடசாலைகள்; மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் அவ்வகையின சிலவே. பேராதனை, மொறட்டுவை முதலிய பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்பு நான்காண்டுகள். தமிழிற் கணிதங் கற்ற மாணவர் அங்கு ஆங்கிலத்திற் கற்க வேண்டியவர்; ஆகவே ஆங்கிலத்தைப் பத்தாம் வகுப்பிலேயே பற்றிக்கொள்வது நலம். பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோர்க்கு உயர் தேசிய டிப்ளோமா வழியும் உண்டு. ஓவசியராகத் தொடங்கிய விமலசுரேந்திரவின் பாதை அதற்கு அயலானதன்று. அவர் உரையாற்றிய 1906ஆம் ஆண்டுச் சங்கமே இன்று இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமாக வளர்ந்துள்ளது. தொழில் புரிவோரைப் பதிவுசெய்யும் பொறியியற் பேரவை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

இவையாவற்றுக்கும் முந்திய பாடம் ஒன்று தோட்டத்திலேயே கிடைக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் மழைமானியைப் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று எல்லைகளை வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையெனில் விழிப்பு, 100 எனில் வெளியேற ஆயத்தம், 150 எனில் உடனே வெளியேற்றம். மில்லிமீற்றர்க் கோட்டை வாசிக்கவும், நேற்றைய அளவோடு இன்றையதைக் கூட்டவும், எட்டாம் வகுப்பு மாணவிக்கு இயலும்.