பைதான் அப்டேட்: 'நல்லா ஓடுறத ஏன் தொடணும்?' ஓசூர் சிறுதொழில் கூடங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய காலக்கெடு

"மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மின் விநியோகம் நிறுத்தப்படும்." ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த அறிவிப்பைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. நாள் குறித்து, முன்கூட்டியே சொல்லி, கம்பியில் உரசும் கிளையை வெட்டி, தளர்ந்த இணைப்பை இறுக்கிவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கோபம் வரும்தான். ஆனால் அந்த வேலையைச் செய்யாமல் விட்டால், காற்று மழையில் நடுராத்திரி கரன்ட் போகும்.

கம்ப்யூட்டர் மொழிகளுக்கும் இதே மாதிரி ஒரு பராமரிப்பு உண்டு. அதற்கும் நாள் குறிக்கிறார்கள், முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: வந்து செய்துகொடுக்க லைன்மேன் கிடையாது. நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க இலவசமாகப் பயன்படுத்தப்படும் ஓப்பன் சோர்ஸ் மொழியான பைதானை எடுத்துக்கொண்டு, இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

ஓசூருக்கும் பைதானுக்கும் என்ன சம்பந்தம்?

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரின் முகமே மாறியது. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி, உதிரிபாகம் செய்து தரும் சிறு, குறு நிறுவனங்கள் வளர்ந்தன. இப்படிப்பட்ட ஒரு கூடத்தில் பைதான் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. பார்கோடு லேபிள் அச்சிடுவது, சிஎன்சி மெஷினின் உற்பத்தி எண்ணிக்கையைச் சேகரிப்பது, ஷிப்ட் கணக்கை எக்செலில் ஏற்றுவது என எதுவாகவும் இருக்கலாம்.

எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. அங்கிருந்து ஒரு சாஃப்ட்வேர் ஆள் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அன்றைக்கு இருந்த பைதானைப் போட்டிருப்பார். அதற்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். "நல்லா ஓடிட்டு இருக்கு சார், ஏன் தொடணும்?" என்பதுதான் பொதுவான பதில். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

பராமரிப்பு வெளியீடு என்றால் என்ன?

3.13.5 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் எண் மொழியின் தலைமுறை. நடு எண் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவது. புதிய வசதிகள் இதில்தான் வரும். கடைசி எண்தான் பராமரிப்பு வெளியீடு. இதில் புது வசதி எதுவும் சேர்க்க மாட்டார்கள். இருக்கிற பிழைகளைச் சரிசெய்வார்கள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பார்கள். அவ்வளவுதான்.

காலண்டர் எப்படிப் போடுகிறார்கள்?

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பைதான் வரும். 2024 அக்டோபர் 7-ல் 3.13 வந்தது, 2025 அக்டோபர் 7-ல் 3.14 வந்தது. ஒவ்வொன்றுக்கும் மொத்த ஆயுள் 5 ஆண்டுகள்.

- 3.13 முதல், முதல் 2 ஆண்டுகள் பிழைதிருத்தக் காலம். சுமார் 2 மாதத்துக்கு ஒரு பராமரிப்பு வெளியீடு வரும்.
- அடுத்த 3 ஆண்டுகள் பாதுகாப்புக் காலம். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மட்டும், தேவைப்படும்போது திருத்தம் வரும்.
- 3.12 மற்றும் அதற்கு முந்தையவற்றுக்குப் பிழைதிருத்தக் காலம் சுமார் ஒன்றரை ஆண்டுதான்.

இதன்படி 3.8-க்கு 2024 அக்டோபரிலும், 3.9-க்கு 2025 அக்டோபரிலும் ஆயுள் முடிந்துவிட்டது. 3.10-க்கு 2026 அக்டோபர், 3.11-க்கு 2027, 3.12-க்கு 2028, 3.13-க்கு 2029, 3.14-க்கு 2030 அக்டோபர் வரை கெடு.

விண்டோஸில் கெடு 5 ஆண்டு அல்ல

பலர் கோட்டை விடும் இடம் இது. விண்டோஸில் டபுள் கிளிக் செய்து போடுகிற இன்ஸ்டாலரை, பிழைதிருத்தக் காலம் வரைதான் பைதான் குழு தருகிறது. பாதுகாப்புக் காலம் தொடங்கிவிட்டால், வெறும் மூல நிரல் மட்டும்தான் வெளியாகும். அதிலிருந்து பைதானை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சிறு தொழிற்கூடத்தில் யார் உட்கார்ந்து அதைச் செய்வது?

உதாரணத்துக்கு 3.12. இதற்குக் கடைசியாக இன்ஸ்டாலர் வந்தது 2025 ஏப்ரலில், 3.12.10-க்கு. ஆயுள் 2028 வரை இருந்தாலும், அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் இன்ஸ்டாலராகக் கிடைக்காது. ஆக, விண்டோஸ் வைத்திருப்பவருக்கு நடைமுறைக் கெடு 3.12 வரை சுமார் ஒன்றரை ஆண்டு, 3.13 முதல் 2 ஆண்டுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 7-ல் ஏறும் கடைசி பைதான் 3.8. மெஷின் பக்கத்தில் இன்னும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தால், அங்கே பைதானை மட்டும் புதுப்பிக்க வழியில்லை. அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து வைப்பதுதான் உடனடியாகச் செய்யக்கூடியது.

சரி, வந்த அன்றைக்கே போட்டுவிடலாமா?

2025 ஜூன் மாதம் நடந்ததைப் பாருங்கள். டார் வகைச் சுருக்கக் கோப்புகளைப் பிரிக்கும் பைதானின் பகுதியில் கடுமையான ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வில்லங்கமான கோப்பு ஒன்றைப் பிரித்தால், குறிப்பிட்ட ஃபோல்டருக்கு வெளியேயும் அது எழுதிவிட முடியும். ஜூன் 3-ம் தேதி 3.9 முதல் 3.13 வரை ஐந்து வெர்ஷன்களுக்கும் ஒரே நாளில் திருத்தம் வெளியானது.

ஆனால் 3.13-க்கு வந்த 3.13.4-லேயே புதிதாகச் சில கோளாறுகள் நுழைந்துவிட்டன. அதில் ஒன்று, விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் மாட்யூல்களை உருவாக்குவதில் வந்த சிக்கல். அதைச் சரிசெய்ய, வழக்கமான அட்டவணைக்குக் காத்திருக்காமல் ஜூன் 11-ம் தேதியே 3.13.5 வந்தது. எட்டே நாளில் திருத்தத்துக்குத் திருத்தம். 'ஓடுறத ஏன் தொடணும்' என்பவரின் பயம் முழுக்கத் தப்பு இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அப்படியானால் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனமா?

அதுவும் இல்லை. பிஎச்பி என்ற மற்றொரு ஓப்பன் சோர்ஸ் மொழியில் 2024 ஜூன் 6-ம் தேதி ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. விண்டோஸில் குறிப்பிட்ட முறையில் பிஎச்பி ஓடினால், வெளியாள் உள்ளே புகுந்து கட்டளை கொடுக்க முடியும் என்ற ஓட்டைக்கான திருத்தம் அது. சிறு நிறுவனங்களும் மாணவர்களும் அதிகம் பயன்படுத்தும் சாம்ப் தொகுப்பும் பாதிப்புக்கு ஆளாகும் நிலையில் இருந்தது. விவரம் வெளியான ஓரிரு நாளுக்குள் தாக்குதல் தொடங்கியது; கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பலும் அதைப் பயன்படுத்தியது. ஆயுள் முடிந்த பழைய பிஎச்பி வெர்ஷன்களுக்குத் திருத்தமே வரவில்லை.

ஆக, கணக்கு இதுதான். இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் சர்வரில் பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றைக்கே சோதித்துப் போட வேண்டும். உள்ளே லேபிள் அச்சிடும் கம்ப்யூட்டரில் சாதாரணப் பிழைதிருத்தம் என்றால், ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் போடலாம். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

எப்படிப் போடுவது?

1. எந்த வெர்ஷன் என்று பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பைதான் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளோடு சேர்த்து வெர்ஷன் என்று அடித்தால் எண் வரும். அதை மெஷின் ரிஜிஸ்டரிலேயே எழுதி வையுங்கள்.

2. ஸ்கிரிப்ட், தரவுக் கோப்பு இரண்டையும் நகல் எடுங்கள். நிறுவியிருக்கும் துணை நூலகங்களின் பட்டியலையும் எண்ணோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

3. முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, ஒரு ஷிப்ட் கணக்கு, ஒரு லேபிள் ஓட்டிப் பாருங்கள்.

4. மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வார விடுமுறை நாளில் போடுங்கள். லைன் நிற்கிறதே என்று மின்தடை நாளில் யுபிஎஸ்-ஐ நம்பி இறங்க வேண்டாம். பாதியில் அணைந்தால் வேலை இரட்டிப்பாகும்.

5. பழைய இன்ஸ்டாலரை அழிக்காதீர்கள். சரிவரவில்லை என்றால் புதியதை நீக்கிவிட்டுப் பழையதற்குத் திரும்ப அதுதான் வழி.

கடைசி எண் மட்டும் மாறினால், விண்டோஸ் இன்ஸ்டாலர் பழையதன் இடத்திலேயே புதியதைப் போடும். நூலகங்கள் அப்படியே இருக்கும். நடு எண் மாறினால் அது தனியாகப் பக்கத்தில் ஏறும். நூலகங்களை மறுபடி நிறுவ வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் சிஸ்டத்தோடு வந்த பைதானைக் கைவைத்து மாற்ற வேண்டாம். உபுண்டு போன்றவை பாதுகாப்புத் திருத்தங்களைத் தங்கள் அப்டேட்டிலேயே தந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வேலை

ஞாபகம் வைத்துக்கொள்ள எளிய வழி இருக்கிறது. ஆயுத பூஜை வருவது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். மெஷினை நிறுத்தி, துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைக்கிற நேரம். பைதானின் பழைய வெர்ஷன் ஒன்றுக்கு ஆயுள் முடிவதும் அதே அக்டோபரில்தான். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கும்போதே வெர்ஷன் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அன்றைக்குப் புத்தம் புதிதாக வந்ததைப் போட வேண்டும் என்று அவசரமில்லை. அதற்கு ஓரிரு பராமரிப்பு வெளியீடுகள் வரட்டும். தன்னிடம் இருப்பது கெடு தாண்டியதா, இன்ஸ்டாலர் இன்னும் வருகிறதா என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்.

எழுதிக் கொடுத்தவரின் போன் நம்பர் மாறியிருக்கலாம். ரிஜிஸ்டரில் எழுதி வைத்த எண் மாறாது.