மங்கோ ஏரிக்கரையின் தொன்மையும் ஈமக்கடனும்

ஒரு நாட்டின் தொன்மையை அறிதற்குக் கருவியாவன நூலும் கல்வெட்டும் மட்டுமல்ல; எழுத்துத் தோன்றாக் காலத்து மாந்தர் இறந்தோர்க்குச் செய்த கடனும் அத்தகைய கருவியேயாம். ஆஸ்திரேலிய நாட்டு மங்கோ ஏரிக்கரை இதற்குச் சிறந்ததொரு சான்று.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கில், வில்லாண்ட்ரா ஏரிகள் எனப்படும் தொகுதியுள் அடங்கியது இவ்வேரி. இப்பொழுது பெயரளவிலேயே ஏரி. நீர் வற்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தன. கீழ்க்கரையில் காற்றுத் திரட்டிய மணலும் களிமண்ணும் பிறைவடிவ மேடாக உயர்ந்து நிற்கின்றன. அம்மேடு அரிப்புண்ணுந்தோறும் பண்டை மாந்தரின் அடுப்புகளும், கற்கருவிகளும், அவர் உண்டு கழித்த சிப்பியோடுகளும் வெளிப்படுகின்றன. பாக்கஞ்சி, முத்தி முத்தி, ஙியாம்பா என்னுங் குடியினர் இந்நிலத்திற்கு வழிவழி உரியர்.

1968-ஆம் ஆண்டில் ஜிம் பௌலர் என்னும் நிலநூலறிஞர் அம்மேட்டில் எரியுண்ட என்புத்துண்டுகளைக் கண்டார். அவை ஒரு பெண்ணினுடையன. உடலை எரியூட்டி, எஞ்சிய என்புகளை நொறுக்கி, மீண்டும் எரித்துப் புதைத்தனர் என்பது ஆராய்ச்சியால் விளங்கிற்று. 1974-இல் அவரே, அதற்கு அணித்தாக, ஓர் ஆணின் என்புக்கூட்டையுங் கண்டார். மல்லாக்கக் கிடத்தி, கைகளை மடிமேற் சேர்த்து, செங்காவிப் பொடி தூவி அவனை அடக்கியிருந்தனர். அக்காவி அவ்விடத்துக் கிடைப்பதன்று, சேய்மையினின்று கொணரப்பட்டது. காலம்பற்றி அறிஞரிடை வழக்குண்டாயிற்று. 1999-இல் சிலர் அவ்வாணின் காலத்தை 60,000 ஆண்டிற்கும் மேற்பட்டதென்றனர். 2003-இல் வெளிவந்த ஆராய்ச்சியோ இருவர்க்கும் ஏறத்தாழ 40,000 ஆண்டென வரையறுத்தது. உலகில் இதுகாறும் அறியப்பட்ட எரியூட்டல்களுள் மிகப் பழையனவற்றுள் அப்பெண்ணுடையதும் ஒன்றாம்.

என்புகள் கான்பரா நகர்க்குக் கொண்டுசெல்லப்பட்டன. குடியினர் தம் முன்னோரைத் திருப்பித் தருமாறு நெடுங்காலம் வேண்டினர். பெண்ணின் என்புகள் 1992-இலும், ஆணின் என்புகள் 2017-ஆம் ஆண்டு நவம்பரிலும் மீண்டன. 2022-ஆம் ஆண்டு மே திங்களில் இரண்டும் முன்னறிவிப்பின்றி மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டன. அடக்கஞ் செய்த முறைபற்றிக் குடியினருள்ளும் கருத்து வேற்றுமை எழுந்தது.

அற்றேல், என்புகளை மண்ணிலிடின் வருங்கால ஆராய்ச்சி தடைப்படுமன்றோவெனின், கூறுதும். இவ்வென்புகட்குப் பெருமை வந்தது பழமையொன்றால் அன்று. உறவினர் கடன் செய்து அடக்கினர் என்பது அவற்றால் விளங்கியமையாலேயாம். கடனுக்குச் சான்றென அவற்றைப் போற்றிவிட்டு, அக்கடனையே கலைத்து வைத்திருத்தல் முன்பின் முரணும்.

அன்றியும், குடியினர் ஆராய்ச்சிக்குப் பகைவர் அல்லர். ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையுடைய அடிச்சுவடுகளை அவ்வேரித்தொகுதியில் 2003-இற் கண்டவர் முத்தி முத்திக் குடிப்பெண் ஒருவரே. அவற்றுள் ஒன்று ஒற்றைக்காலால் நடந்த ஒருவனுடையது எனப் படித்துக் காட்டியவர், நாட்டின் நடுப்பகுதியினின்று வந்த பிந்துப்பிக் குடியின் தடம் வல்லுநர். பின்னர் அச்சுவடுகள் காவலின்பொருட்டு மீண்டும் மணலால் மூடப்பட்டன. சுவடியைப் படித்தபின் கட்டி வைப்பது அதனை இழப்பதாகாது. உரியார் கைப்பட்ட சான்றும் அழிந்ததன்று. அதனை மேலும் ஆராய விழைவார் அவரைக் கேட்டே ஆராய்தல் முறையாம்.