கத்தரும் கத்ரியும்

நாட்டுப்புறப் பாட்டு ராக் ஆன கதையைச் சொல்லும் ஆல்பம் பட்டியல்களில் வூடி கத்ரியின் ‘டஸ்ட் பவுல் பாலட்ஸ்’ தவறாமல் இடம்பிடிக்கும். ஆர்சிஏ விக்டர் 1940-இல் வெளியிட்டது. பாப் டிலன் தன் முதல் இசைத்தட்டிலேயே (1962) கத்ரிக்காக ஒரு பாட்டு எழுதிப் பாடினார். 1965-இல் எலெக்ட்ரிக் கிடாரைக் கையிலெடுத்தார். ஹைதராபாத்தில் ராக் கேட்பவர்களுக்கு இது பாலபாடம். அவர்களிடமே ‘கத்தரின் சிறந்த ஆல்பம் எது?’ என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். இதே ஊரில், அல்வாலில் வாழ்ந்த தெலுங்குப் பாடகர். பாட்டு எல்லோருக்கும் தெரியும். இதுதான் என்று எடுத்துக் காட்ட ஒரு தட்டு இல்லை. இருவரையும் மாற்றி மாற்றிக் கேட்டால் காரணம் பிடிபடுகிறது.

ஒற்றுமைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஓக்லஹோமாவில் 1912-இல் பிறந்த கத்ரி, டெக்சஸில் புழுதிப் புயலை நேரில் பார்த்தவர். மேதக் மாவட்டம் தூப்ரானில் தலித் குடும்பத்தில் பிறந்த கும்மடி விட்டல் ராவ் என்கிற கத்தர், பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு, வங்கி வேலையையும் 1984-இல் உதறியவர். இருவரும் இடதுசாரிகள். மெட்டுக்காக மெனக்கெடாமல், ஊரில் புழங்கிய பழைய மெட்டில் புதுச் சொல்லை ஏற்றினார்கள். இன்னொரு சுவையான தொடர்பும் உண்டு. கத்ரியின் பாட்டில் வரும் புழுதிப் புயல் அகதிகள் பிழைப்புத் தேடிப் போன அதே அமெரிக்க மேற்குக் கரையில்தான் 1913-இல் பஞ்சாபியர்கள் கதர் கட்சியைத் தொடங்கினார்கள். விட்டல் ராவுக்குக் ‘கத்தர்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

இனி வேற்றுமை. கத்ரியின் ‘டாம் ஜோட்’, ஸ்டைன்பெக்கின் பெரிய நாவல் ஒன்றை ஆறு நிமிடச் சொச்சத்தில் அடக்கிவிடுகிறது. அன்றைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் பாட்டை இரண்டு பக்கங்களாகப் பிரித்தே வெளியிட்டார்கள். அந்த நெருக்கடி பாட்டுக்கு நல்லதே செய்தது என்பேன். உபரிச் சொல் கிடையாது. ஒரு குரல், ஒரு கிடார், அவ்வப்போது ஹார்மோனிகா. சாவைச் சொல்லும்போதுகூடக் குரல் ஏறாது, இறங்காது. தனியறையில் இரவில் கேட்பதற்கென்றே பாடியது போலிருக்கும்.

கத்தர் வந்த வழி வேறு. அவர் பயின்றது புர்ரகதை. கதை சொல்பவர் நடுவே நிற்க, இரு பக்கமும் பின்பாட்டுக்காரர்கள் தாளம் போட்டுக் கேள்வி கேட்டு, கேலி செய்து, கதையை நகர்த்துவார்கள். 1972-இல் உருவான அவருடைய குழு ஜன நாட்டிய மண்டலி இதை அரசியல் மேடையில் பயன்படுத்தியது. தோளில் கோங்கடிக் கம்பளி, காலில் சலங்கை, கையில் கோல், பக்கத்தில் டப்பு, அதாவது நம் பறையின் உடன்பிறப்பு. இரண்டு அடி பாடுவார், நிறுத்துவார், கூட்டத்தைப் பார்த்து ஏதாவது கேட்பார், ஆடுவார், மறுபடி பிடிப்பார். ஐந்து நிமிடப் பாட்டு கூட்டத்தைப் பொறுத்து எவ்வளவும் நீளும். சில ஆண்டுத் தலைமறைவு வாழ்க்கையிலிருந்து திரும்பி 1990 பிப்ரவரியில் நிஜாம் கல்லூரி மைதானத்தில் அவர் பாடியபோது லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கூட்டமும் பாட்டின் ஒரு பகுதி. ஸ்டுடியோவில் நாலு பேரை நிறுத்திப் பின்பாட்டுப் பாடவைத்தால் அது வருமா? அவருடைய கேசட் பதிவுகளில் பல எனக்கு எடுபடவில்லை. பின்னால் சேர்ந்த கீபோர்டு இன்னும் கெடுத்தது. ‘மா பூமி’ படத்தில் அவர் பாடிய ‘பண்டெனக பண்டி கட்டி’ மட்டும் விலக்கு. பாட்டு பண்டி யாதகிரியுடையது. ஆனால் அந்தக் குரலில் கேட்டபின் வேறு குரலில் கேட்கத் தோன்றாது.

ஆகவே ஆல்பம் என்று பார்த்தால் கத்ரிக்குத்தான் என் ஓட்டு. ராக் என்று பார்த்தால் கத்தருக்கு. கத்ரியின் பாட்டில் இல்லாத முழக்கத்தையும் இரைச்சலையும் சேர்க்க டிலனுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. கத்தரின் மேடையில் அவை டப்பிலும் கூட்டத்தின் தொண்டையிலும் ஏற்கெனவே இருந்தன. கத்தருக்கு ஒரு டிலன் வராமல் போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சௌரஸ்தா போன்ற ஹைதராபாத் குழுக்கள் நாட்டுப்புற மெட்டில் கிடாரைக் கலக்கின்றன. இனிமையாகத்தான் இருக்கிறது, காரம் போதவில்லை. தமிழில் நிலைமை கொஞ்சம் மேல். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’வை கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். 2018-இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகக் கோத்தது.

1940 மார்ச்சில், ஆல்பம் வருவதற்கு முன்பே, நாட்டுப்புறப் பாட்டுத் தொகுப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கத்ரியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக உட்கார வைத்துப் பாட்டையும் பேச்சையும் மணிக்கணக்கில் பதிவு செய்தார். கத்ரி எப்படிப் பேசினார் என்பதை இன்று நாம் அதில் கேட்கலாம். கத்தர் 2023 ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார். அவர் பெயரில் திரைப்பட விருது வழங்கும் தெலங்கானா அரசு, அவருடைய மேடைப் பதிவுகளையும் ஊர் ஊராகத் தேடித் தொகுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கேசட் கிடந்தால் பூஞ்சை பிடிக்குமுன் கணினியில் ஏற்றிவையுங்கள். ஏற்றும்போது, கூட்டத்தின் சத்தத்தை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.