துருவும் மெருகும்

கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் விரைவுக் கார்களுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. 1968-இல் ஷா ஆலாமை அடுத்த பத்து தீகாவில் பந்தயத் தடம் திறக்கப்பெற்றது. 1996-இல் மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. 2017-இல் சீனாவின் கீலி குழுமத்தின் கைக்கு மாறும் வரை அவ்வுரிமை இந்நாட்டாரிடமே இருந்தது. ஆகவே, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒருவர் பழைய லோட்டஸ் காரொன்றை விலை பேசுவாராயின், அதில் வியப்பில்லை. அவர் எதைக் கண்டு மதிப்பிடுவது என்பதே கேள்வி.

1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் என்னும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்கூடு கண்ணாடியிழையால் ஆனது, அது துருப்பிடிப்பதில்லை. ஆனால், அக்கூட்டைத் தாங்கும் அடிச்சட்டமோ எஃகுத் தகட்டை மடித்துச் செய்யப்பட்டது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில், மேலே மெருகு மின்ன, உள்ளே எலும்பு அரிக்கப்படும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்னும் பழமொழி இதற்கே பொருந்தும்.

எனினும், உள்நோயைக் காட்டும் வெளிக்குறி ஒன்று உண்டு. எலானின் முகப்பு விளக்குகள் வெற்றிடத்தின் விசையால் இயங்குவன. அவ்வெற்றிடத்தைச் சேமிக்கும் கலமாக அமைந்தது, அடிச்சட்டத்தின் முன்குறுக்குப் பகுதியே. அங்குத் துரு துளையிட்டால் விளக்குகள் தம் நிலையில் நில்லா. குழாய்க் கசிவும் இதற்குக் காரணமாகலாம். ஆதலின் காரை உயர்த்தி, அடியில் விளக்கொளி பாய்ச்சிப் பார்த்த பின்னரே முடிவு கூறுதல் வேண்டும்.

அரித்த சட்டத்தை அகற்றிப் புதியது பொருத்தினால், அது பழைய கார்தானா? இவ்வினா 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பெண்ட்லி கார் அது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்பது அதன் பெயர். ஒரு கோடி பவுனுக்கு வாங்க இசைந்தோர், அதில் பழைய உறுப்புகள் மிகுதியாக இல்லையென்று பின்வாங்கினர். 1932-இல் புரூக்லண்ட்ஸ் விபத்தில் ஓட்டுநர் உயிரிழந்தபின், அது மீண்டும் கட்டப்பட்டதும் உண்மையே. ஆயினும், உறுப்புகள் படிப்படியாக மாறினும் அதன் வரலாறு அறுபடவில்லை. எனவே அது அதே கார்தான் என்று நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார்.

சட்டம் மாறியது குற்றமன்று. மாறியதை மறைப்பதே குற்றம். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், பதிவுப் பத்திரம், பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகள் ஆகிய நான்கும் ஒரே கதையைக் கூற வேண்டும். பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடம் காணும் பதிப்பாசிரியரின் பொறுமை, கார் வாங்குவோருக்கும் வேண்டும். ஒருவர் பல்லாண்டு சேர்த்த பொருளைக் காப்பது வண்ணப்பூச்சன்று. தொடர்பறாத சான்றே ஆகும்.